புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு போன் வழியாக ஒரு துணை: குமரி மாவட்டத்தில் தொடங்க நினைப்பவர்களுக்கு

கடைசி கீமோ முடிந்து, அல்லது கடைசி நாள் கரண்டு (கதிர்வீச்சு) வைத்துவிட்டு, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்தோ நெய்யூரிலிருந்தோ ஆசாரிபள்ளத்திலிருந்தோ வீட்டுக்கு வருகிறவரின் கையில் ஒரு ஃபைல் இருக்கும், அடுத்த செக்கப் தேதி இருக்கும், "நல்லா சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க" என்று யாரோ சொன்ன ஒரு வரி இருக்கும். எதை நல்லா சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, நடந்தால் கை வீங்குமா, மீன் தின்னலாமா என்பதெல்லாம் அடுத்த செக்கப் வரைக்கும் அவர் தலையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பதில் சொல்ல பக்கத்து வீடும் யூடியூபும் தயாராக இருக்கின்றன, அதுதான் பயம்.

இந்த இடைவெளியில் ஆன்லைனில் ஏதாவது செய்யலாமே என்று நர்சிங் படிக்கிற பிள்ளைகளும், பிசியோதெரபி முடித்தவர்களும், வீட்டிலிருந்து ஐ.டி. வேலை பார்க்கிற இளைஞர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் எல்லோரும் "ஒரு ஆப் பண்ணலாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆப் வேண்டாம். குறைந்தது முதல் ஒரு வருஷத்துக்கு வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

2025-இல் சேலஞ்ச் என்ற பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை, முக்கியமாக கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறிப்புகளை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே குறிப்புகளோடு, மூன்று வருஷம் கூடவே நின்று பேசி, இலக்கு வைத்து, உடற்பயிற்சியைத் தொடர வைக்கிற ஒரு ஆளையும் கொடுத்தார்கள். எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இரண்டாவது குழுவில் 90.3 சதவீதம், முதல் குழுவில் 83.2 சதவீதம். இது ஒரு வகைப் புற்றுநோயில் மட்டும் பார்த்தது, மார்பகத்துக்கோ வாய்க்கோ இதே கணக்கை எடுத்து ஒட்ட முடியாது. நமக்கு வேண்டியது வேறு விஷயம்: நாம் ராத்திரி கண்விழித்துச் செய்கிற பி.டி.எஃப்., போஸ்டர், டிப்ஸ் எல்லாம் அந்த ஆய்வில் முதல் குழுவுக்குக் கிடைத்ததுதான். வித்தியாசத்தைக் கொண்டுவந்தது திரும்பத் திரும்பக் கேட்கிற ஆள். ஆகவே உங்கள் திட்டத்தின் நடுவில் ஒரு மனிதரின் போன் அழைப்பு இருக்கட்டும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரட்டும்.

முதலில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"எல்லாப் புற்றுநோயாளிகளுக்கும்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் உதவாது, சில நேரம் ஆபத்தும்கூட. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பெண்களில் பலருக்கு எடை கூடுகிறது, அவர்களிடம் எடையைக் கவனியுங்கள் என்று சொல்லலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய் சிகிச்சை முடிந்தவர்களுக்கோ எடை குறைவதுதான் கவலை. எண்ணெயைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள் என்ற செய்தி அவர் போனுக்குப் போனால், ஏற்கெனவே விழுங்க முடியாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பவர் இன்னும் குறைத்துவிடுவார். முதல் குழுவை ஒரே நோய், சிகிச்சை முடித்தவர்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்று வையுங்கள்: இரணியல் முதல் மார்த்தாண்டம் வரை உள்ள, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்கள் என்பது நல்ல தொடக்கம். நான்கைந்து பேர் போதும்.

எதையும் வடிவமைப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் போய் உட்காருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. போன் யாருடையது, எப்போது கையில் இருக்கும்? யார் சமைக்கிறார்கள்? மீன் யார் வாங்குகிறார்கள்? நடக்க இடம் இருக்கிறதா? இந்த நோய் வந்தது யாருக்கெல்லாம் தெரியும்? அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்த அக்காவுக்கும், விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிற வீட்டு அம்மாவுக்கும் நேரம் ஒன்றல்ல. தூத்தூர் பக்கத்தில் கணவர் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அதுவரை செக்கப்புக்குக் கூட்டிப் போகவும் ஆளில்லை. பல வீட்டில் ஸ்மார்ட்போன் பாலிடெக்னிக் படிக்கிற மகனிடம் இருக்கும். காலை பத்து மணிக்கு நீங்கள் அனுப்புகிற அழகான செய்தியை அம்மா பார்ப்பது ராத்திரி ஏழரைக்கு, அதுவும் சீரியல் இடைவேளையில்.

டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது

நீங்கள் சிகிச்சை கொடுக்கப் போவதில்லை. இது உங்களுக்கும் அவர்களுக்கும் தெளிவாக இருக்கட்டும். சேருகிற ஒவ்வொருவரும் தன்னைப் பார்க்கிற டாக்டரிடம் "நான் நடக்கலாமா, கைக்குப் பயிற்சி செய்யலாமா, எதைச் செய்யக் கூடாது?" என்று கேட்டு வரட்டும். கேள்விகளை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். திருவனந்தபுரத்தில் டாக்டர் மலையாளத்தில் பேச, டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்க, பாதி விஷயம் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

எலும்புக்குப் பரவியிருக்கிறதா, இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து போயிருக்கிறதா, அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்திருக்கிறதா, வயிற்றில் மலப்பை வைத்திருக்கிறதா, கை கால் மரத்துப்போகிறதா: இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் யாருக்கும் பயிற்சி சொல்ல வேண்டாம்.

கூடவே ஒரு சிவப்புப் பட்டியல், சுவரில் ஒட்டுகிற மாதிரி பெரிய எழுத்தில். கீமோ நடக்கும்போதோ முடிந்த கொஞ்ச நாளிலோ 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கை சிவந்து சூடாக வீங்குவது, முதுகுவலியோடு கால் பலம் இழப்பது அல்லது சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் 108. புதிதாக ஓர் இடத்தில் எலும்பு வலித்து, ஓய்வெடுத்தும் போகாமல் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது

நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் அம்மாவுக்கு வந்த நோயை மூடி வைத்திருப்பார்கள். அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், ஒரே ஊர்க்காரர் இருந்தால் கதை முடிந்தது. ஆகவே முதலில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். செய்தி தனித்தனியாகப் போகும், ஒருவருக்கு இன்னொருவர் இருப்பது தெரியாது. ஒரே நிபந்தனை, உங்கள் நம்பரை அவர்கள் சேவ் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேராது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. பேசிப் பழக விரும்புகிறவர்களுக்கு மட்டும், அவர்களே கேட்டால், சிறிய குரூப் ஒன்று தனியாக.

உங்கள் நம்பரின் பெயரும் படமும் கவனம். "கேன்சர் சப்போர்ட்" என்று புரொஃபைல் வைத்தால் மகனின் நண்பன் போனை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெறுமனே உங்கள் பெயரும் "டீச்சர்" அல்லது "நர்ஸ்" என்பதும் போதும். ஸ்கேன் ரிப்போர்ட் படங்களை வாங்கிச் சேர்க்காதீர்கள். பெயர், நம்பர், அழைக்கிற நேரம், டாக்டர் சொன்ன தடைகள், இவ்வளவு ஒரு நோட்டில் இருந்தால் போதும், நோட்டு பூட்டிய மேசையில் இருக்கட்டும். தனிநபர் தகவல்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் சேரும்போது 2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும், தமிழில் எழுதி வாசித்துக்காட்டி ஒப்புதல் வாங்குங்கள். இதை வைத்து கல்லூரிக்கு ஆய்வு எழுதப் போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி முதலில், ஆட்களைச் சேர்ப்பது அப்புறம்.

நடை, மழை, ஒரு லிட்டர் பாட்டில்

2019-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை இது: மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கான நடை 30 நிமிஷம், வாரம் மூன்று நாள், கூடவே தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் சிகிச்சைக்குப் பிறகு வருகிற அந்த அடித்துப்போட்ட சோர்வும், பதற்றமும், மனச்சோர்வும் குறைகின்றன. தூங்கி எழுந்தாலும் போகாத அந்தச் சோர்வுக்கு வீட்டார் சொல்வது "பேசாம படு" என்பதுதான். மெதுவான நடைதான் அதற்கு உதவுகிறது என்பதை நோயாளிக்குச் சொல்வதைவிட மருமகளுக்கும் மாமியாருக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் வாரம் ஐந்து நிமிஷம் போதும், தினமும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. எங்கே நடப்பது என்பதுதான் நிஜமான சிக்கல். நாகர்கோவில் மார்த்தாண்டம் ரோட்டு ஓரத்தில் பஸ்ஸுக்கும் டாரஸ் லாரிக்கும் நடுவே நடக்கச் சொல்ல முடியாது. ஊருக்குள் நடந்தால் நாலு வீட்டில் "எங்க போறிய?" என்று கேட்பார்கள், சும்மா நடக்கிறேன் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குக் கூச்சம், தலையில் முடி முளைத்துக்கொண்டிருக்கும்போது இன்னும் கூச்சம். காலையில் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஒரு சுற்று சுற்றிப் போவது, குளத்தங்கரை, கால்வாய்க் கரை, இல்லாவிட்டால் வீட்டு முற்றம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நமக்கு இரண்டு பருவமும் உண்டு. ஆகவே மழைநாள் பயிற்சியை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்: சிட் அவுட்டில் நடப்பது, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது.

கால் மரத்துப்போகிறவர்கள் வெறுங்காலோடு மணலிலோ ரப்பர் விளையிலோ நடக்கக் கூடாது. முள் குத்தியது தெரியாது. ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெறி எடுத்த பக்கத்துக் கையில் எடையே தூக்கக் கூடாது என்ற பயம் இன்னும் பரவலாக இருக்கிறது. 2009-இல் வெளிவந்த ஆய்வில், கை வீக்கம் உள்ள பெண்களே மெதுவாக, மேற்பார்வையோடு எடையைக் கூட்டிக்கொண்டு போனபோது வீக்கம் மோசமாகவில்லை. அதற்காக நாளைக்கே ஒரு குடம் தண்ணீரைத் தூக்கச் சொல்லக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஒரு லிட்டர், வீக்கமோ பாரமோ தெரிந்தால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் உங்கள் பகுதியில் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள்.

பயிற்சி வீடியோ எடுப்பதாக இருந்தால் நம்மூர் அக்கா ஒருவர், நைட்டி மேலே தோர்த்து போட்டுக்கொண்டு, அடுக்களை நாற்காலியில் செய்வதை எடுங்கள். ஜிம் உடையில் இருபது வயதுப் பெண் செய்வதை அவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள், செய்ய மாட்டார்கள்.

சாப்பாடு

பழத் தட்டு, ஓட்ஸ், ப்ரோக்கோலி படத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அந்த வீட்டுச் சமையலிலிருந்து தொடங்குங்கள். சம்பா அரிசிச் சோறு, மீன்கறி, அவியல், பயறு, முருங்கைக்கீரை, உளுந்தங்கஞ்சி. இதில் பெரும்பாலும் கெட்டது எதுவும் இல்லை, அளவும் சேர்க்கையும்தான் பிரச்சினை. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வயிற்றை நிரப்பும், புரதம் அநேகமாக இல்லை. அதைச் சாளைக் கறியோடு தின்றால் சரி, தேங்காய்ச் சம்மந்தியோடு மட்டும் தின்றால் போதாது. சர்க்கரை நோயும் இருந்தால் கிழங்கின் அளவைக் குறைத்துக் கறியைக் கூட்ட வேண்டும். தேங்காயை நிறுத்து என்று சொன்னால் அந்த வீட்டில் குழம்பே கிடையாது, ஆகவே அப்படிச் சொல்ல வேண்டாம், அரைக்கிற தேங்காயில் பாதி என்று பேரம் பேசலாம்.

சாளை, அயிலை, நெத்திலி மலிவானவை, நல்ல புரதம், நல்ல கொழுப்பு. பொரிப்பதற்குப் பதில் கறி. ஆனால் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம், மீன் விலை ஏறும். மே கடைசியிலேயே மாற்று சொல்லிவிடுங்கள்: முட்டை, சிறுபயறு, கொண்டைக்கடலை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழம் தினமும் ஒன்று தின்னட்டும். சாயங்காலக் கட்டன் சாயாவோடு வருகிற பழ பஜ்ஜியும் ரசவடையும் தினசரியிலிருந்து எப்போதாவது என்பதற்குப் போகட்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான், அளவு இல்லாமல் போட வேண்டாம்.

"சர்க்கரை தின்றால் கட்டி வளரும்" என்று பயந்து சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி எலும்பும் தோலுமாக ஆகிறவர்கள் இருக்கிறார்கள். இனிப்பைக் குறைப்பது எடைக்கும் சர்க்கரைக்கும் நல்லது, சோற்றை நிறுத்தி நோயைப் பட்டினி போட முடியாது. இதை ஒரு தடவை எழுதி அனுப்பினால் போதாது, போனில் கேட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெற்றிலை பாக்கு விஷயத்தில் மட்டும் பேரம் இல்லை. புகையிலை போடாவிட்டால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய் உண்டாக்குவதாக 2003-இலேயே வகைப்படுத்திவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டால் மரியாதைக்குப் போதும். மதுவும் அதே பட்டியல்தான்.

ஃபார்வர்டுகள்

முள் சீத்தா, லட்சுமி தரு இலைக் கஷாயம், மஞ்சள் கேப்ஸ்யூல், காட்டு நெல்லிச் சாறு: இவை புற்றுநோயைக் குணமாக்கும் என்று போனில் செய்திகள் சுற்றுகின்றன. எல்லைக்கு அப்பால் கேரளத்திலிருந்தும் இப்பால் தமிழ்நாட்டிலிருந்தும் இரண்டு பக்கச் செய்திகளும் நமக்கு வந்து சேர்கின்றன. ஆய்வகத் தட்டில் செல்லைக் கொன்றது மனித உடம்பில் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. முள் சீத்தாவை நிறையச் சாப்பிடுவதை நடுக்க நோய் போன்ற நரம்புப் பாதிப்போடு தொடர்புபடுத்திய ஆய்வுகளும் உண்டு. ஆனால் நீங்கள் "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் அவர் கஷாயத்தை நிறுத்த மாட்டார், உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார். "என்ன குடிக்கிறீங்க, எவ்வளவு, எப்போ" என்று எழுதிக்கொண்டு, அடுத்த செக்கப்பில் அதை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சமையலில் போடுகிற மஞ்சளை யாரும் நிறுத்த வேண்டாம். குழு பெரிதானால் சத்து மாவு, கேப்ஸ்யூல் விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், அவர்களுக்கு முதல் நாளே கதவை அடையுங்கள்.

இன்னொரு வாதமும் கட்டாயம் வரும்: இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்தான் நோய்க்குக் காரணம் என்று. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் அதே மாதிரி மணலில் வாழ்கிறவர்களைப் பல வருஷம் கவனித்த ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளும் தவிப்பு நியாயமானது, அதைக் குரூப்பில் வைத்துத் தீர்க்க முடியாது.

அந்த போன் அழைப்பு

முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒருவரை எப்போதும் ஒரே ஆள் அழைக்க வேண்டும், அதே கிழமை, அதே நேரம். ஒரு தன்னார்வலர் பத்துப் பேருக்கு மேல் எடுத்தால் அழைப்பு வெறும் வருகைப் பதிவாக ஆகிவிடும். அழைப்பதற்கு முன் போன தடவை எழுதிய குறிப்பைப் படியுங்கள். "அக்கா, போன தடவை காலையில முற்றத்துல நடக்கலாம்னு சொன்னீங்கல்லா, நடக்க முடிஞ்சதா?" என்று கேட்டால் "மழ விட்டாத்தான மக்களே நடக்க" என்று வரும். உடனே அறிவுரை சொல்லிவிடாமல், "அப்போ வீட்டுக்குள்ள எங்க நடக்கலாம், எந்த நேரம் தோது?" என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும், அவர் சொன்ன சின்ன அளவையே அடுத்த இலக்காக எழுதுங்கள். "சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரம் கழுவுமுன், ஹாலில் பத்துச் சுற்று" என்ற மாதிரி நேரமும் இடமும் சேர்ந்த இலக்கு நிற்கும், "தினமும் நடக்கிறேன்" நிற்காது.

சோர்வு பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி, எத்தனை நாள் நடந்தார். இந்த மூன்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் குறித்தால் மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும். நாற்காலியில் 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று ஆரம்பத்திலும் மூன்றாம் மாதத்திலும் பார்த்தால், அந்த எண் கூடுவதில் அவர்களுக்கு வருகிற சந்தோஷம் தனி.

அழைப்புகளுக்கு நடுவே வாரம் இரண்டு வாய்ஸ் நோட், ஒரு நிமிஷத்துக்குள், நம்மூர்ப் பேச்சில். விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்து பேசினாலும் சரி. பி.டி.எஃப்.பை யாரும் திறப்பதில்லை.

செக்கப் நெருங்கும்போது பலருக்குத் தூக்கம் போகும், சிடுசிடுப்பு வரும், நடை நின்றுவிடும். அந்த வாரம் நடையைப் பற்றிக் கேட்காமல் பயத்தைப் பற்றிக் கேளுங்கள். வாழ்ந்து என்ன பிரயோசனம் என்ற பேச்சு வந்தால் அதைச் சமாதானப்படுத்தி விட்டுவிடாமல், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல அவர் சம்மதத்தைக் கேட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ நீங்களே சேர்ந்து அழையுங்கள். தமிழில் பேசுவார்கள். இப்போதே ஏதாவது செய்துகொள்வார் என்று தோன்றினால் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டாருக்குச் சொல்லி 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒருவருக்கு நோய் திரும்பும், ஒருவர் இறந்தும் போவார். அப்போது என்ன செய்வதென்று முதல் மாதமே முடிவு செய்து வையுங்கள். நோய் திரும்பியவரிடம் தனியாகக் கேளுங்கள், செய்திகள் தொடர வேண்டுமா, அழைப்பு மட்டும் போதுமா என்று. இறப்புச் செய்தியைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் குரூப்பில் போடக் கூடாது, போடுவதற்கு முன் அவரோடு நெருக்கமாக இருந்தவர்களை முதலில் போனில் அழைத்துச் சொல்லிவிட வேண்டும். லிஸ்டிலிருந்து அந்த நம்பரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை "இன்று நடந்தீர்களா அக்கா?" என்று அந்த வீட்டு போனுக்குப் போய் நிற்கும்.

விலக நினைக்கிறவருக்கு வழி எளிதாக இருக்கட்டும். சிலருக்கு ஒரு கட்டத்தில் இந்த நோயின் பேச்சே வேண்டாம் என்று தோன்றும், அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டு அழைப்பை எடுக்கவில்லையென்றால் மூன்றாவதாக ஒரு வாய்ஸ் நோட்: "அக்கா, இனி கூப்பிட வேண்டாம்னா ஒரு சொல் சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன். பிறகு எப்பவாவது வேணும்னா இதே நம்பர்தான்." அதற்கும் பதில் வராவிட்டால் நோட்டில் தேதி போட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, காத்திருக்கிற அடுத்தவரின் பெயரை எழுதுங்கள்.